வெளியே விடும் மூச்சு

மணப்பாறை
18.8.2024

அன்பு மகள் பிரான்சிக்கு,

முக்கொம்பில் மதகு உடைந்து, கொள்ளிடத்துப் பழைய பாலம் சரிந்த வருஷம் உனக்குக் கல்யாணம். கொரோனாவுக்குப் பயந்து கோயில் கதவைச் சாத்தி, சாமியார் ஒண்டியாகப் பூசை வைத்த வருஷக் கடைசியில் ஜோஸ் பிறந்தான். இந்த இரண்டையும் பிடித்துக்கொண்டு எண்ணினால் எனக்கு எதுவும் தப்பாது. எழுத்து தெரியாது, தேதி தெரியாது. எதற்குப் பிறகு எது வந்தது என்பது மட்டும் தெரியும்.

நான் சுகம். முழங்கால்தான் மழை வருவதை முன்கூட்டிச் சொல்லிக்கொண்டிருக்கிறது. ஸ்ரீரங்கத்தில் நீயும் லூர்து மாப்பிள்ளையும் சம்பந்தியம்மாவும் பேரனும் எப்படி இருக்கிறீர்கள்? நீ கேத்தரின் டீச்சருக்குப் போன் போட்டதை அவர் தன் வாசலிலிருந்தே கத்திச் சொல்ல, தெரு முழுக்கக் கேட்டுவிட்டது. நேரில் பேசினால் கேட்கும் காதுக்குப் போனில் மட்டும் கேட்பதில்லை. அதனால் டீச்சரை உட்காரவைத்துச் சொல்கிறேன், அவர் எழுதுகிறார்.

ஜோஸுக்குப் பிறந்ததிலிருந்து எத்தனை தரம் இருமல் வந்தது, காய்ச்சலோடா, இல்லாமலா என்று புது டாக்டரம்மா கேட்டாராமே. உனக்கு இரண்டுதான் ஞாபகம் வந்ததாம். ஆறு தரம் வந்தது. மூன்று நான் பார்த்தது, மூன்று நீ சொன்னது.

முதல் தரம், எங்கள் சந்தைக்குள் தண்ணீர் நின்ற ஐப்பசி. காய்ச்சல் உண்டு, மூக்கு ஒழுகியது. மாப்பிள்ளைக்கும் அதே சமயம் இருந்தது. ஒரு வாரத்தில் போய்விட்டது.

அடுத்தது மாப்பிள்ளைக்கு ஆபீசில் பதவி உயர்ந்து நீங்கள் லட்டு கொண்டுவந்த மாசம். காய்ச்சல் இல்லை. வீட்டைச் சுற்றி ஓடினான், இருமினான், உட்கார்ந்துவிட்டான்.

சம்பந்தியம்மா கண் ஆபரேஷன் முடிந்து கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தபோது ஒன்று. பிள்ளைக்குத் தலைக்கு ஊற்றி, சளிக்கு நல்லது என்று சாம்பிராணி காட்டிய அன்று சாயந்திரம். காய்ச்சல் இல்லை.

எங்கள் அந்தோணியார் தேரின் அச்சு முறிந்த திருவிழாவுக்கு வந்திருந்தபோது ஆட்டுக்குட்டியைத் துரத்திச் சிரித்தான். அந்தச் சிரிப்பே இருமலாக மாறியது. காய்ச்சல் இல்லை.

போன மார்கழியில் வைகுண்ட ஏகாதசிக் கூட்டம். ஆட்டோ கிடைக்காமல் மாப்பிள்ளை தோளில் தூக்கிக்கொண்டு பாலம் வரைக்கும் நடந்தாரே, அது ஐந்தாவது. இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் வைத்தார்கள். காய்ச்சல் இல்லை. விடிகாலையில்தான் அதிகம் என்று நீ சொன்னாய்.

ஆறாவது ஸ்கூல் திறந்த வாரம். காய்ச்சல் ஒரே நாள்.

ஆறில் காய்ச்சலோடு வந்தது இரண்டு. டாக்டரம்மாவிடம் காட்டு. சம்பந்தியம்மாவுக்கு என் வணக்கம். ஜோஸின் நெற்றியில் என் பங்குக்கு ஒரு சிலுவை போடு.

அப்பா அடைக்கலராஜ்
(பெருவிரல்)

*

ஸ்ரீரங்கம்
2.9.2024

அன்புள்ள அப்பாவுக்கு,

பிரான்சி எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் எல்லாரும் நலம். ஜோஸும் இன்றைக்கு நலம். டீச்சர், அப்பாவுக்கு மெதுவாகப் படித்துக் காட்டுங்கள். அவசரமாகப் படித்தால் பாதியை அவராகச் சேர்த்துக்கொள்வார்.

கே.கே. நகர் டாக்டரம்மா உங்கள் கடிதத்தை இரண்டு தரம் படித்தார்.

"இவர் என்ன வேலை பாத்தாரு?" என்றார்.

"மணப்பாறைச் சந்தையில மாட்டுத் தரகருங்க. கையெழுத்துகூடப் போடத் தெரியாது."

"அதான் ஞாபகம் இருக்கு. எழுதி வைக்கிறவங்க எல்லாம் மறந்துட்டுத்தான் எங்கிட்ட வர்றாங்க."

பழைய டாக்டர் ஒவ்வொரு தரமும் பிராங்கைடிஸ் என்றுதான் எழுதியிருக்கிறார். நாலு தரம் ஆன்டிபயாடிக் கொடுத்திருக்கிறார். டாக்டரம்மா சொன்னதை எனக்குப் புரிந்தபடி எழுதுகிறேன். பிராங்கைடிஸ் என்றால் பெரும்பாலும் ஜலதோஷத்தோடு வரும், காய்ச்சல் இருக்கலாம், இரண்டு மூன்று வாரத்துக்குள் போகும், போனால் போனதுதான். அது ஓடினால் வராது, சிரித்தால் வராது. காய்ச்சலே இல்லாமல் விடிகாலையிலும் புகையிலும் ஓட்டத்திலும் திரும்பத் திரும்ப வந்தால் ஆஸ்துமாவா என்று பார்க்க வேண்டுமாம். பெரியவர்களுக்கு ஊதிப் பார்க்கும் மிஷின் இருக்கிறது. நாலு வயசுப் பிள்ளைக்கு ஊதத் தெரியாது. "இந்த வயசுல பழைய கதைதாங்க டெஸ்ட்டு" என்றார்.

இன்னொன்றும் கேட்டார். இரண்டு வீட்டிலும் யாருக்காவது இழுப்பு உண்டா என்று. அத்தையைக் கேட்டேன். "எங்க ரத்தத்துல கெடையவே கெடையாது. எங்க ஓரகத்திக்கு இருந்துச்சு. மறைச்சுக் கட்டிக் குடுத்துட்டாங்க. ரெண்டு புள்ளையை விட்டுட்டு என் மடியிலதான் போனா. அதனாலதான் உன்னைப் பொண்ணு பாக்க வந்தப்பவே உங்கப்பாகிட்ட நேரா கேட்டேன். இல்லைன்னுட்டாரு" என்றார்.

அம்மா இருந்திருந்தால் அம்மாவிடம் கேட்பேன். மார்கழி வந்தால் அம்மாவுக்கு இருமல் இருக்குமே, நீங்கள் சளி உடம்பு என்பீர்கள். அது சளிதானே, அப்பா? டாக்டரம்மா தாளில் அந்த ஒரு கட்டம் காலியாக இருக்கிறது, அதனால்தான் கேட்கிறேன்.

முழங்காலுக்கு நல்லெண்ணெய் தேயுங்கள். வெயிலில் அலையாதீர்கள்.

உங்கள் மகள்
பிரான்சி

*

மணப்பாறை
20.9.2024

அன்பு மகள் பிரான்சிக்கு,

உன் கடிதம் வந்து நாளாகிவிட்டது. டீச்சருக்குக் கண் வலி, அதனால் தாமதம். (எனக்குக் கண் வலி இல்லை. எழுதச் சொல்கிறார், எழுதுகிறேன். — கே.) நான் சுகம். நீங்கள் எல்லாரும் சுகமாக இருக்க அந்தோணியாருக்கு மெழுகுவர்த்தி ஏற்றினேன்.

ஜோஸ் படுக்கும் மெத்தை உன் கல்யாணத்துக்கு நான் வாங்கித் தந்த இலவம்பஞ்சு மெத்தை. அதைத் தட்டும்போது பிள்ளையை அறையில் வைக்காதே. தலைகாணி உறையை வெந்நீரில் போட்டு வெயிலில் காயவை. சாம்பிராணியைப் பற்றிச் சம்பந்தியம்மாவிடம் நீ சொல்லாதே, டாக்டரம்மாவைச் சொல்லச் சொல். மருமகள் சொன்னால் குறையாகப் போகும்.

சந்தைக்குப் போன புதன்கிழமை சும்மா போய் வந்தேன். தரகன் பூவரசன் ஒரு ஜோடி காளைக்கு விலை பேசிக்கொண்டிருந்தான். துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்துத்தான் இப்போதும் விலை நடக்கிறது, ஆனால் துண்டுக்கு மேலே ஆளுக்கொரு செல்போன். சிரிப்பு வந்தது.

பெட்டியில் முறுக்கு அனுப்பியிருக்கிறேன். உப்பு கொஞ்சம் தூக்கல்.

நீ கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லியாயிற்று என்று நினைக்கிறேன். எல்லாருக்கும் என் ஆசீர்.

அப்பா
(பெருவிரல்)

*

ஸ்ரீரங்கம்
3.10.2024

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம் கேட்டு எழுத இன்று நேரமில்லை. முறுக்கு வந்தது, அத்தைக்குப் பிடித்தது.

செவ்வாய்க்கிழமை ஸ்கூலில் ஓட்டப் பயிற்சி. சாயந்திரம் ஜோஸ் வந்தபோது விலா எலும்புக்கு நடுவே சதை உள்ளே போய்ப் போய் வந்தது. ஒரு வார்த்தை சொல்ல இரண்டு மூச்சு. நேரே கே.கே. நகர் போனோம். காய்ச்சல் இல்லை. டாக்டரம்மா மூக்கில் மூடியை வைத்து ஆவி மருந்து பிடித்தார். பத்து நிமிஷத்தில், அப்பா, பிள்ளை சிரித்தான். "எனக்குப் பசிக்குது" என்றான். சளி அடைத்திருந்தால் இந்த மருந்துக்கு இவ்வளவு சீக்கிரம் திறக்காதாம். மூச்சுக்குழாய் சுருங்கியிருந்தால்தான் இப்படித் திறக்குமாம். அவருக்கு இப்போது முக்கால்வாசி நிச்சயம். தினமும் மருந்தை மூச்சோடு இழுக்கும் பம்ப் வைக்கச் சொல்கிறார்.

அத்தை அழுகிறார். பம்ப் என்றால் அவருக்கு ஓரகத்தி ஞாபகம். "ரெண்டு வீட்டுலயும் இல்லாதது புள்ளைக்கு எங்கேருந்து வரும்? டாக்டருக்குத் தெரியல" என்கிறார். அவர் மகனும் அம்மா பக்கமும் என் பக்கமும் மாறி மாறிப் பார்க்கிறார்.

போன கடிதத்தில் ஒன்று கேட்டிருந்தேன்.

பிரான்சி

*

மணப்பாறை
15.10.2024

அன்பு மகள் பிரான்சிக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். பஸ்ஸில் ஜன்னல் ஓரம் கிடைத்தது. உன் கையால் மூன்று நாள் சாப்பிட்டதில் முழங்கால்கூடச் சும்மா இருக்கிறது. நீங்கள் எல்லாரும் சுகம் என்பதைக் கண்ணால் பார்த்துவிட்டதால் இந்தத் தரம் விசாரிக்கவில்லை.

நீ அடுப்படியில் இருந்தபோது நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஜோஸுக்கு இலேசாக இழுத்தது. சட்டையைக் கழற்றி முதுகில் காதை வைத்தேன். சம்பந்தியம்மா பார்த்துக்கொண்டே இருந்தார்.

"என்ன சம்பந்தி, பல்லைப் புடிச்சுப் பாக்கலையா? வயசு சரியாத்தான் சொல்லியிருக்கோமான்னு."

"பல்லு நல்லாத்தான் இருக்கு. அதட்டிப் பாருங்க, கடிச்சுக் காட்டுவான்."

"என் பேரன் என்ன சந்தை மாடா?"

"சந்தை மாடுன்னா இந்நேரம் சொல்லியிருப்பேனே. பேரனாச்சே, அதான் பயமா இருக்கு."

அவர் சிரித்துவிட்டார். நல்ல மனுஷி.

நான் கேட்டது இதுதான். பிள்ளை மூச்சை உள்ளே இழுக்கும்போது பெரிதாக ஒன்றுமில்லை. வெளியே விடும்போதுதான் நீண்டு, மூடின ஜன்னல் இடுக்கில் காற்று போவதுபோலச் சீட்டியடித்தது. சளியென்றால் கொதிக்கிற சத்தம் வரும், இருமினால் அது இடம் மாறும், கையை வைத்தாலே தெரியும். இருமச் சொன்னேன், இருமினான். சீட்டி அப்படியே இருந்தது. உன் டாக்டரம்மா குழாய் வைத்துக் கேட்டதும் இதுவானால் அவர் சொல்வது சரி. இந்தச் சத்தம் எனக்குப் பழக்கமானது. மாட்டிடம் கேட்டதைச் சொல்கிறேன்.

மாப்பிள்ளை பம்ப் வாங்கி வந்தது நல்லது. இரண்டு மாசத்துக்கு வைத்துப் பார்ப்போம் என்றாரே, அதுபோதும் இப்போதைக்கு.

சம்பந்தியம்மாவிடம் நான் எதையோ பேச வந்ததுபோல இருந்ததாக நீ பஸ் ஸ்டாண்டில் கேட்டாய். மீன் குழம்பு நன்றாக இருந்தது என்று சொல்லத்தான். மறந்துவிட்டேன். நீ சொல்லிவிடு.

அப்பா
(பெருவிரல்)

*

மணப்பாறை
16.10.2024

பிரான்சிக்கு,

கேத்தரின் டீச்சர். நீ சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். அவர் கடிதத்தைத் தபாலில் போடும் முன் இந்தத் துண்டுத் தாளை நான் வைக்கிறேன். அவருக்குத் தெரியாது.

"பழக்கமானது" என்பதற்குப் பிறகு அவர் வேறு ஒன்று சொன்னார். எழுதினேன். படித்துக் காட்டச் சொன்னார். பிறகு கிழிக்கச் சொன்னார். மூன்று தாள் போயிற்று. நாலாம் தரம்தான் மாடு வந்தது.

அதில் என்ன இருந்தது என்று நான் எழுத மாட்டேன். நாற்பது வருஷம் பிள்ளைகளின் பரீட்சைத் தாளைப் பார்த்தவள், ஒருத்தர் விடையை இன்னொருத்தருக்குக் காட்டியதில்லை. ஆனால் நீ கேட்பதை நிறுத்தாதே. அல்லது நிறுத்திவிடு, எது அவருக்குச் சுலபமோ தெரியவில்லை.

அன்புடன்
கேத்தரின்

*

ஸ்ரீரங்கம்
1.12.2024

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே நாங்கள் நலம் என்று இந்தத் தரம் தைரியமாக எழுதுகிறேன். ஆறு வாரமாக ஜோஸுக்கு விடிகாலை இருமல் இல்லை. கன்னம் வைத்திருக்கிறது. அங்கே மழை எப்படி? டீச்சரும் நலமா?

பம்பை ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் செருகி, மூடியை மூக்கையும் வாயையும் மூடுவதுபோல வைத்துப் பத்து மூச்சு எண்ண வேண்டும். அந்த டப்பாவுக்கு ஜோஸ் வைத்த பெயர் கப்பல். தனக்கு முடிந்ததும் அப்பாயிக்கும் வைக்க ஓடுகிறான். "போடா, எனக்கு எதுக்குடா உன் கப்பலு" என்று அத்தை முந்தானையால் வாயை மூடிக்கொள்கிறார். நேற்று ஏமாந்த நேரத்தில் வைத்துவிட்டான். அத்தையும் பத்து எண்ணினார். மருந்து இல்லாத காலி டப்பாதான். சாம்பிராணிச் சட்டி பரணுக்குப் போய்விட்டது; டாக்டரம்மா சொன்னதால் வருத்தமில்லை.

ஆனால் பிள்ளை நன்றாக இருப்பதே இப்போது சிக்கல். "அதான் ஓடுதே புள்ளை, இன்னும் எதுக்கு அந்தக் குழாயி? பழகிப்போயிடும். வந்தது சளி, போயிடுச்சு" என்கிறார் அத்தை. டாக்டரம்மாவோ, "மருந்து உள்ள இருக்குறதாலதான் ஓடுறான். பழகுற மருந்து இல்லைங்க இது. மார்கழியில நிறுத்துனீங்கன்னா மறுபடி ஆஸ்பத்திரி பெட்டுலதான் பாப்போம்" என்கிறார். பம்பில் மருந்து பதினைந்தாம் தேதியோடு முடிகிறது. உங்கள் மாப்பிள்ளை புதுசு வாங்கத் தயங்குகிறார்.

"நம்ம ரெண்டு வீட்லயும் யாருக்கும் இல்ல. ஒரு காரணம் சொல்லு பிரான்சி, அம்மாகிட்ட நான் பேசுறேன்" என்றார். கோபமாக இல்லை. உண்மையாகவே கேட்டார்.

அப்பா, நீங்கள் எழுதாமல் விட்டது ஒன்று இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அம்மாவைப் பற்றித்தானே? சொன்னால் அம்மாவின் மரியாதை குறைந்துவிடாது. இனிமேல் கேட்க மாட்டேன். போன மார்கழியில் பாலத்தில் அவர் தோளில் கிடந்த பிள்ளையின் உதடு நீலமாக இருந்ததை உங்களுக்கு நான் சொல்லவில்லை. அதுபோல நானும் ஒன்றை வைத்திருந்தேன். இப்போது சொல்லிவிட்டேன்.

கிறிஸ்மஸுக்கு வாருங்கள்.

பிரான்சி

*

மணப்பாறை
8.12.2024

அன்பு மகள் பிரான்சிக்கு,

இன்று மாதா திருநாள். பூசை முடிந்து வந்ததும் டீச்சரை உட்காரவைத்துவிட்டேன். எதைச் சொன்னாலும் கிழிக்க வேண்டாம், திருப்பிப் படிக்கவும் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். நான் சுகம். பேரனுக்குக் கன்னம் வைத்ததைக் கேட்டு இரண்டு நாளாக நன்றாகச் சாப்பிடுகிறேன்.

உன்னைப் பெண் பார்க்க வந்த அன்று டிவியில் முக்கொம்பைக் காட்டிக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளைக்கு இரண்டு தரம் காப்பி கொடுத்தோம். சம்பந்தியம்மா டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். "நகை நட்டு உங்க இஷ்டம். ஒண்ணே ஒண்ணுதான். பொண்ணுக்கோ பொண்ணு வீட்டுலயோ இழுப்பு இருக்கா? இருந்தா இப்பவே சொல்லிடுங்க, நாங்க மனசு சங்கடப்படாம எழுந்து போயிடுறோம்."

கதவுக்குப் பின்னால் உங்கம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு நின்றாள். இருமல் வந்துவிடக் கூடாதே என்று. எனக்கு அவள் தெரிந்தாள், அவர்களுக்குத் தெரியவில்லை. அவள் இருமலைக் கேட்டே அதற்கு முன் ஐந்து வரன் தட்டிப்போயிருந்தது. நீ அடுப்படியில் கேசரி கிண்டிக்கொண்டு ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தாய். முதல் தரமாக உனக்கு ஒரு பையனைப் பிடித்திருந்தது. நான் "இல்லைங்க" என்றேன். அவ்வளவுதான். இரண்டு வார்த்தைகூட இல்லை.

அந்த அம்மா கேட்டதில் ஒரு தப்பும் இல்லை. தன் மடியில் ஒருத்தி போனதைப் பார்த்தவர் கேட்கத்தான் செய்வார். பொய் சொன்னவன் நான். நீ சொல்லவில்லை, உனக்குத் தெரியவும் தெரியாது. இதை மாப்பிள்ளையிடமும் சம்பந்தியம்மாவிடமும் முழுசாகப் படித்துக் காட்டு. நடுவில் எதையும் விட்டுவிடாதே. கிறிஸ்மஸுக்கு முந்தின நாள் காலை பஸ்ஸில் வருகிறேன். அவர் என்னை வீட்டுக்குள் வரச் சொன்னால் வருகிறேன், வாசலில் நிற்கவைத்துக் கேட்டால் நின்று பதில் சொல்கிறேன். பதினைந்தாம் தேதிக்கு முன்னால் பம்ப் மட்டும் வாங்கிவிடச் சொல். மாப்பிள்ளை காரணம் கேட்டாரே, இதுதான் காரணம். பிள்ளைக்கு எங்கிருந்தோ வந்துவிடவில்லை.

பயப்படவும் வேண்டாம். சம்பந்தியம்மா பார்த்தது ஒரு மரணம். நான் பார்த்தது வேறு. மருந்து இல்லாத காலத்திலும் இதோடு உழைத்து, சண்டை போட்டு, பிள்ளை பெற்று, கிழடு ஆனவர்களைப் பார்த்திருக்கிறேன். ஜோஸுக்கு மருந்தும் இருக்கிறது, நல்ல டாக்டரும் இருக்கிறார்.

எல்லாருக்கும் என் வணக்கமும் ஆசீரும். பேரனுக்கு என் முத்தம். பெருவிரலை இங்கேயே வைத்துவிடுகிறேன், ஏனென்றால் இனி வருவது டாக்டரம்மாவின் காலிக் கட்டத்துக்கு.
(பெருவிரல்)

ஜோஸின் அம்மாயி வழியில் எழுதிக்கொள். உங்கம்மாவின் அப்பா மதலைமுத்து. மார்கழி பூராவும் உட்கார்ந்தே தூங்குவார். அவர் வீட்டுப் பெரிய புளியமரத்தில் இடி விழுந்த வருஷம் போனார், எழுபத்தாறு வயசு. அவர் மகன் இருதயம். மில்லில் வேலை பார்த்தவன், தூசி ஆகாது. பஸ் விபத்தில் போனான், இழுப்பில் இல்லை. உங்கம்மா செங்கோல்மேரி. நாற்பது வருஷம் சளி என்று சொல்லிச் சொல்லி என் கூட வாழ்ந்தாள். கொரோனாவுக்கு முந்தின பொங்கலில் சர்க்கரையில் போனாள்.

இன்னும் ஒரு ஆள் உண்டு. இரண்டு வயசில் தொடங்கியது. விடிகாலையில் தோளில் போட்டுக்கொண்டு நான் நடப்பேன், என் காதுக்குப் பக்கத்தில் அந்தச் சீட்டி கேட்டுக்கொண்டே இருக்கும். ஜோஸின் முதுகில் கேட்டது அதேதான். திருச்சியில் பெரிய டாக்டர் ஒருவர் ஆஸ்துமா என்று அப்போதே சொல்லிவிட்டார். பெண் பிள்ளை, வெளியில் தெரியக் கூடாது என்று உங்கம்மாவும் நானும் சளி என்றே பேர் வைத்தோம், அந்தப் பிள்ளையிடமும் அப்படியே சொன்னோம். ஏழு வயசில் தானாக நின்றது. அடுத்த வருஷம் ஸ்கூல் ஓட்டப் பந்தயத்தில் முதலாவதாக வந்து ஒரு டிபன் பாக்ஸ் வாங்கிவந்தது. நோவு வந்ததே அதற்கு ஞாபகமில்லை, நாங்களும் ஞாபகப்படுத்தவில்லை.

நாலு பேரில் மூன்று பேரைப் புதைத்தாயிற்று. இன்னும் உயிரோடு இருப்பது அந்த ஒருத்திதான். கட்டத்தில் அவள் பெயரையே முதலில் எழுது: பிரான்சி.